கோல் விழுவது பின்னால், ஓட்டை இருப்பது முன்னால்: யுனைடெட் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

2025 மே 28 இரவு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில், இங்கிலாந்துக் கால்பந்து அணியான நம் மான்செஸ்டர் யுனைடெட், தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களின் ஆசியான் நட்சத்திர அணியிடம் 0-1 என்று தோற்றது. அன்றிலிருந்து நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தற்காப்பைப் பற்றித்தான். கோலாலம்பூர் ஞாயிற்றுக்கிழமை லீக்குகளில் இருபது வருடம் சென்டர்பேக், அதாவது தற்காப்பின் நடுவில் நிற்பவனாக, ஆடியவன் நான். இப்போது செந்தூலில் தமிழ்ப்பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

செந்தூல் அண்ணன்: மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புக்கிட் ஜாலில் போனேன். தோற்றதும் சின்னவன் அழுதுவிட்டான். நம் அணி இவ்வளவு மோசமா?

பதில்: அண்ணே, அந்த ஓர் ஆட்டத்தை வைத்து எடை போடாதீர்கள். மே 25ஆம் தேதிதான் ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்டன் வில்லாவுடன் கடைசி பிரீமியர் லீக் ஆட்டம். அதை முடித்துவிட்டு விமானம் ஏறியவர்கள், மூன்றாம் நாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் இறங்கி ஆடினார்கள். 71ஆவது நிமிடத்தில் மியன்மாரின் மௌங் மௌங் ல்வின் கோல் அடித்தார். அந்த வாலிபருக்கு அது வாழ்நாள் முழுக்க மறக்காது. களைத்த கால்களோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் தற்காப்பைப் பற்றி ஒன்றும் படிக்க முடியாது. படிக்க வேண்டுமென்றால் லீக்கின் 38 ஆட்டங்கள் இருக்கின்றன.

ஆனால் 72,550 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். உங்கள் சின்னவனைப் போல எத்தனையோ பிள்ளைகளுக்கு அது முதல் ஆட்டமாக இருந்திருக்கும். அவர்களுக்காகவாவது இன்னும் கொஞ்சம் உயிரைக் கொடுத்து ஆடியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது.

கிள்ளான் தம்பி: 2024-25 லீக்கில் 54 கோல் வாங்கினோம். டிஃபென்டர்கள் எல்லாரையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கினால்தான் சரிவருமா?

பதில்: தம்பி, 54க்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுது. அதற்கு முந்தைய 2023-24 சீசனில் வாங்கியது 58. அதாவது 2024-25இல் நான்கு கோல் குறைவாகத்தான் வாங்கினோம். ஆனால் 8ஆம் இடத்திலிருந்து 15ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டோம். எப்படி? அடித்த கோல்களைப் பார். 2023-24இல் 57, 2024-25இல் 44. 38 ஆட்டத்தில் 18 தோல்வி, மொத்தம் 42 புள்ளி.

கோல் அடிக்காத அணிக்கு ஒரு கோல் வாங்குவது ஆட்டமே போனதுக்குச் சமம். ஒன்று வாங்கியதும் பதற்றம் வருகிறது. எல்லாரும் முன்னால் ஓடுகிறார்கள், பின்னால் காலியாகிறது, இரண்டாவது விழுகிறது. இதைக் கடைசி வரிசையில் நிற்பவர்கள் தலையில் மட்டும் கட்டினால் அடுத்த சீசனும் இதே கதைதான்.

கெப்போங் நண்பர்: பின்னால் மூன்று சென்டர்பேக் வைத்து ஆடினோம். பாதுகாப்பு அதிகமாகியிருக்க வேண்டும்தானே? எதிரணிகள் ஏன் அவ்வளவு எளிதாக உள்ளே வந்தார்கள்?

பதில்: நல்ல கேள்வி. இதை மாமாக் கடை மேசையில் தே தாரிக் டம்ளர்களை வைத்து நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

அப்போதைய பயிற்சியாளர் அமோரிம் ஆடவைத்தது 3-4-2-1. பின்னால் மூன்று டம்ளர். அதற்கு முன்னால் நடுவில் இரண்டு, ஓரத்துக்கு ஒன்றாக ஏறி இறங்கி ஆடும் விங்பேக் இரண்டு. மீதி மூன்றும் தாக்குதலுக்கு. இப்போது எதிரணியின் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், மூன்று டம்ளர் வையுங்கள். நம் இரண்டு பேர் அவர்களில் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆள் சும்மா நிற்கிறான், பந்து அவனிடம் போகிறது. அவனை யார் பிடிப்பது?

மூன்று சென்டர்பேக்கில் ஒருவர் முன்னால் வந்து பிடிக்க வேண்டும். அப்படி வந்தால் அவர் விட்ட இடம் ஓட்டையாகும், மற்ற இருவரும் உடனே நெருங்கி அதை அடைக்க வேண்டும். வராவிட்டால் அந்த ஆள் நிதானமாகத் திரும்பி, தலையை உயர்த்தி, எங்கே பாஸ் கொடுக்கலாம் என்று பார்க்கிறான். முன்னால் வருவதா நிற்பதா என்று அரை நொடியில் முடிவெடுக்கத் தெரிந்தவர் லிசாண்ட்ரோ மார்ட்டினஸ். 2025 பிப்ரவரி 2ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் அவருக்கு முட்டி போனது, அத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. லெனி யோரோவுக்கும் அந்தத் திறமை இருக்கிறது. ஆனால் அந்த சீசனில் 19 வயதுப் பையன், அதுவும் சீசன் தொடங்கும் முன்னரே கால் எலும்பு முறிந்து டிசம்பரில்தான் அறிமுகமானவன். அவசரப்படக் கூடாது.

ஓரத்துக்கு வருவோம். எதிரணியின் ஓரத் தற்காப்பு ஆளான ஃபுல்பேக்கிடம் பந்து போனால் நம் விங்பேக் முன்னால் பாய வேண்டும். அவர் பாய்ந்ததும் அவருக்குப் பின்னால் நிற்கும் எதிரணி விங்கரை, அதாவது ஓரத்தில் தாக்குபவரை, பிடிக்க ஆளில்லை. அவரைப் பிடிக்க ஓரத்துச் சென்டர்பேக் வெளியே வர வேண்டும், நடு ஆள் அவர் இடத்துக்கு நகர வேண்டும், தூரத்து விங்பேக் உள்ளே வர வேண்டும். ஒருவர் நகர்ந்தால் ஐந்து பேரும் நகர வேண்டும். ஒரே ஒருவர் இரண்டு நொடி தாமதித்தால் சங்கிலி அறுந்துவிடும்.

இதைப் பழக்க மாதக்கணக்கு வேண்டும். அமோரிம் வந்தது 2024 நவம்பரில், சீசன் நடுவில். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம், பயிற்சிக்கு நேரமே இல்லை. கையில் இருந்ததெல்லாம் நால்வர் தற்காப்புக்காக வாங்கிய ஆட்டக்காரர்கள். வலது காலரான டாலோட் இடது விங்பேக்காகப் பல ஆட்டம் ஆடினார். அந்த இடத்துக்கென்றே லெச்சேயிலிருந்து டோர்குவை வாங்கியது பிப்ரவரியில்தான்.

ரவாங் அண்ணன்: கார்னர் (மூலை உதை) என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. 2024 டிசம்பரில் என்னதான் நடந்தது?

பதில்: எனக்கும் அந்த மாதம் தூக்கம் போனது, அண்ணே. வரிசையாகச் சொல்கிறேன். டிசம்பர் 4, அர்செனல் நம்மை 2-0 என்று வென்றது. டிம்பர், சலீபா இருவர் கோலும் கார்னரிலிருந்து வந்தவை. மூன்று நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், இரண்டாவது நிமிடத்திலேயே கார்னர், மிலென்கோவிச் தலையால் அடித்தார். டிசம்பர் 19 லீக் கோப்பையில் டோட்டன்ஹாமின் சோன் கார்னரிலிருந்து நேராகவே கோலுக்குள் போட்டார். சரியாக ஒரு வாரத்தில், 26ஆம் தேதி, வுல்வ்ஸின் குன்யாவும் அதேபோல நேராகப் போட்டார். ஒரு ரசிகன் தன் ஆயுளில் இப்படிப்பட்ட கோலை நாலைந்து முறை பார்த்தால் அதிகம். நமக்கு ஒரே வாரத்தில் இரண்டு.

காரணம் உயரம் இல்லை. சென்டர்பேக்குகள் மெகுவாயரும் டி லிக்டும் இருக்கும் அணிக்கு உயரம் எப்படிக் குறையும்? இப்போது எல்லா அணிகளும் பந்தை உள்பக்கம் வளைத்து, கோலை ஒட்டிய ஆறு கெஜப் பெட்டிக்குள், கோல்கீப்பரின் தலைக்கு மேல் போடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். அவரால் காலை எடுத்து வைக்கவும் முடியாது, குதிக்கவும் முடியாது. அந்த நேரத்தில் நம் ஆட்கள் தங்கள் தங்கள் ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே தவிர, கீப்பருக்கு வழி விடவைக்க ஒருவரும் இல்லை.

என் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்னர் என்றால் முதல் வேலை கீப்பரைக் காப்பாற்றுவது. அவரை மறிப்பவன் யாரோ, அவனுக்கும் கீப்பருக்கும் நடுவில் உடம்பைக் கொண்டுபோய் வை. தலையடியில் கெட்டிக்காரன் ஒருவன் எந்த ஆளையும் பிடிக்காமல் முதல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அங்கே வரும் பந்து அவனுடையது. கீப்பர் வாய் திறந்து கத்தட்டும். கத்தாத கீப்பரை நான் ஆட்டத்தில் இறக்க மாட்டேன்.

செராஸ் தம்பி: எல்லாம் கோல்கீப்பர் ஒனானாவால்தான். ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: அவர் தவறுகள் செய்திருக்கிறார், மறைக்க மாட்டேன். ஆனால் குன்யா போட்டபோது நின்றது ஒனானா, சோன் போட்டபோது நின்றது இன்னொரு கீப்பர் பாயிந்திர். ஆள் மாறியும் அதே கோல் என்றால் எங்கே பார்க்க வேண்டும், நீயே சொல்.

பெட்டாலிங் ஜெயா ஐயா (1980களிலிருந்து ரசிகர்): நம் பழைய சென்டர்பேக்குகள் விடிச், ஃபெர்டினண்ட் மாதிரி இருவர் இருந்தால் இந்தப் பேச்செல்லாம் வருமா?

பதில்: ஐயா, உங்கள் முன்னால் நான் சின்னவன். ஆனாலும் சொல்கிறேன். 2008-09 சீசனில் லீக்கில் தொடர்ந்து 14 ஆட்டம் கோலே வாங்கவில்லை. கோல்கீப்பர் வான் டெர் சார் 1,311 நிமிடம் வலையைக் காத்தார். விடிச் தலையை நீட்டும் இடத்தில் மற்றவர்கள் காலை நீட்டவே யோசிப்பார்கள். ஃபெர்டினண்ட் ஆபத்து வருமுன்பே அங்கே நிற்பார். அப்படி ஒரு ஜோடியை நான் திரும்பப் பார்ப்பேனா தெரியவில்லை.

ஆனால் அந்த ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், விடிச்சை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் நிற்பவர்களைப் பாருங்கள். கேரிக் பாஸ் வரும் பாதையிலேயே நிற்பார். ஃபிளெட்சர் எதிராளியைத் திரும்ப விடமாட்டார். பார்க் ஜி-சுங் இந்த ஓரத்தில் பந்தைப் பறிகொடுத்தால் அந்த ஓரம் வரை துரத்துவார். ரூனியும் தன் பெட்டி வரை ஓடி வருவார். விடிச்சிடம் பந்து வந்து சேருவதற்குள் அதன் வேகம் பாதி குறைந்திருக்கும். 2024-25இல் டி லிக்டிடம் வந்த பந்து முழு வேகத்தில், எதிரே மூன்று பேரோடு வந்தது. விடிச்சையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் திணறியிருப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கை: மெகுவாயரை எல்லாரும் கேலி செய்கிறார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். நான் தப்பா?

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. 2025 ஏப்ரல் 18 விடியற்காலை, யூரோப்பா லீக்கில் பிரான்ஸின் லியோன் அணியுடனான ஆட்டத்துக்கு விழித்திருந்தாயா? 2-0 என்று முன்னால் இருந்து, 2-4 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 5-4. நம் ஊரில் மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம், விடிகிற நேரத்தில் மெகுவாயர் தலையால் முடித்து வைத்தார். நான் வீட்டில் கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. திரும்பி ஓடுவதில் அவர் மெதுவானவர், அது உண்மை. மூவர் வரிசையின் நடுவில் நின்றால் அதிகம் திரும்பி ஓட வேண்டியதில்லை, அதனால்தான் அந்த இடம் அவருக்குப் பொருந்துகிறது. கேப்டன் பட்டையைப் பறித்தபோதும் முகம் சுளிக்காமல் உழைத்த மனிதர். எனக்கும் பிடிக்கும்.

சுங்கை பூலோ நண்பர்: பில்பாவ் நகரில் டோட்டன்ஹாமுடன் ஆடிய 2025 யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் ஒரு கோல்தான் வாங்கினோம். அதுவும் தற்காப்புத் தவறா?

பதில்: ஓரத்திலிருந்து ஒரு கிராஸ், பெட்டிக்குள் குழப்பம், 42ஆவது நிமிடத்தில் பிரெனன் ஜான்சன். தடுத்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பாதி முழுக்க இருந்தது, நம்மால் ஒன்றைக்கூடத் திருப்பிப் போட முடியவில்லை. ஹொய்லுண்ட் தலையால் அடித்ததை வான் டி வென் கோட்டின் மேல் அந்தரத்தில் பறந்து உதைத்து வெளியேற்றினாரே, என் பையன்களுக்கு அதைப் பத்து முறை போட்டுக் காட்டினேன். லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்த அணி டோட்டன்ஹாம். அன்று ஒவ்வொருவரும் சேர்ந்து காத்தார்கள்.

கிள்ளான் தம்பி, மறுபடியும்: சரி, யாரைத்தான் வாங்க வேண்டும்?

பதில்: கார்னரில் நம்மை அழவைத்த குன்யா இப்போது நம் ஆள், அது நல்லது. அடுத்து நான் கேட்பது மிட்ஃபீல்டில் ஒருவர், ஓடவும் பறிக்கவும் தெரிந்தவர். உகார்த்தே பறிப்பார், ஆனால் அவரே எல்லா இடத்தையும் அடைக்க முடியாது. 2024-25இல் காசெமிரோவின் மூளை அப்படியே இருந்தது, கால்கள் முன்போல இருக்கவில்லை. சென்டர்பேக்குக்குக் காசு செலவழிப்பதை இப்போதைக்கு நிறுத்தலாம்.

பத்து கேவ்ஸ் அக்கா: என் மகனுக்குப் பதினொரு வயது. கோல் அடிக்க ஆசையில்லை, டிஃபென்டராகத்தான் ஆடுவானாம். உயரம் இல்லை. சரிவருமா?

பதில்: அக்கா, இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம். சோ சின் ஆன், சந்தோக் சிங், அவர்களுக்குப் பின்னால் வலையில் நம் ஆறுமுகம். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் முதுகெலும்பு அந்த மூவர். என் அப்பா அவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் நான் டிஃபென்டர் ஆனேன். அந்த ஆசை வரும் பிள்ளைகள் குறைவு, தட்டிவிடாதீர்கள்.

உயரம் பிறகு வரும், வராமலும் போகும். இந்த வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு நான் பார்ப்பது வேறு. பந்து வரும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா, எதிராளி வந்ததும் விழுந்து உதைக்காமல் நின்று தாமதிக்கத் தெரிகிறதா, பக்கத்தில் நிற்பவனோடு பேசுகிறானா. வீட்டில் சுவரில் பந்தை அடித்து இரண்டு காலாலும் வாங்கப் பழகட்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அனுப்புங்கள். காலுக்கு முன்தட்டு (ஷின்பேட்) கட்டாயம், தண்ணீர் இரண்டு பாட்டில். மழை பெய்தாலும் பயிற்சி உண்டு, இடி இடித்தால் மட்டும் இல்லை.