தறிக்கூடத்திலிருந்து ஒரு படம்

கேள்வி: எட்டு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவன் நான், வயது 24. கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தபோது இரண்டு குறும்படங்கள் எடுத்தேன். இப்போது எங்கள் தறிக்காரர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து, அதை ஊர் ஊராகக் காட்ட விரும்புகிறேன். சினிமாவோடு தொடர்பே இல்லாத குடும்பம் எங்களுடையது. சென்னையில் ஓர் இயக்குநரிடம் சேராமல் இது முடியுமா?
– வாசகர், சோமனூர்

பதில்: முடியும், தம்பி. இந்தப் படத்துக்கு வேண்டிய முதல் பயிற்சி உங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பவரின் விரல்கள் எங்கே விரையும், எங்கே தயங்கும் என்பதும், தறி ஓடும்போது வாயசைவாலும் கைச்சாடையாலுமே பேசிக்கொள்ளும் பழக்கமும் வெளியிலிருந்து வருபவருக்குப் பிடிபட மாதக்கணக்கில் ஆகும். தொடர்பில்லாத குடும்பம் என்று தயங்க வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுவே பெயர்.

ஒலியில் மிகுந்த கவனம் வேண்டும். ஒலியளவைக் கருவி தானாகவே கூட்டிக் குறைக்க விடாதீர்கள். பேட்டியைத் தறி நிற்கும் நேரத்தில் காலர் மைக்கில் பதிவு செய்து, தறியோசையைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதும் தெரு முழுவதும் ஒரே கணத்தில் அடங்கிவிடுமே, அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். அன்றைய கூலி பற்றிய கவலை அதற்குள் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் படம் சிமிட்டினால், ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கு மாற்றிப் பாருங்கள். நம் மக்களின் ‘சரிங்க’, ‘இல்லீங்க’ எதையும் திருத்த வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பாவு நூலைக் கொடுத்துத் துணியாகத் திரும்ப வாங்கிக்கொள்பவரை நம்பியே கூலித்தறி ஓடுகிறது; கூலி உயர்வு பற்றிக் கேமரா முன் மனம் திறந்து பேசியவருக்கு, அடுத்த பாவு வராமலே போகக்கூடும். ஆகவே படத்தொகுப்பை முடிக்கும் முன், பேசியவர்களை உட்கார வைத்து அதைக் காட்டுங்கள். ஒருவர் தம் பேச்சை நீக்கச் சொன்னால், அது படத்தின் மிகச் சிறந்த காட்சியாகவே இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.

இயக்குநரிடம் சேர்வதோ, சென்னை தரமணியிலுள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் படிப்பதோ இதன் பிறகும் நடக்கலாம். முதல் திரையிடல் உங்கள் தெருவிலேயே இருக்கட்டும். திரைக்காக வெளியே அலைய வேண்டியதில்லை; உங்கள் தறியில் ஓடிய காடாத் துணியையே, வெளிச்சம் ஊடுருவாதபடி இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்.