பழைய ஜீப்புக்கு டீசல் இன்ஜின்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: ஐயா, அப்பா காலத்து மகிந்திரா வில்லிஸ் பெட்ரோல் ஜீப் எங்களிடம் இருக்கிறது, பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப். ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போக இதைத்தான் நம்பியிருக்கிறோம். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துப் பட்டறையில் ஒரு பழைய டிராக்டர் டீசல் இன்ஜின் மலிவாக இருக்கிறதாம், ஒரே வாரத்தில் மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். மாட்டலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: டிராக்டர் இன்ஜின் வேண்டாம் தம்பி. விலை மலிவு என்பதால் சொல்லவில்லை, அது சுற்றுகிற வேகம் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் ஓடும். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், சக்கரம் சுமார் 435 சுற்று. உங்களுடையது வில்லிஸ் சிஜே-3பி மாடல் என்று வைத்துக்கொண்டால், அதன் கிரவுன்-பினியன் ரேஷியோ (டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் எத்தனை சுற்று என்ற கணக்கு) 5.38. பெருக்கினால் டாப் கியரில் இன்ஜின் 2,340 சுற்று சுற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கு இது சாதாரணம். டிராக்டர் இன்ஜின்கள் பெரும்பாலும் 2,000 சுற்றை ஒட்டி நிதானமாக உழைப்பதற்கு அமைந்தவை, தேனி ரோட்டில் 50-ஐத் தாண்டும்போதே அது கத்த ஆரம்பித்துவிடும். மகிந்திராவே ஒரு காலத்தில் இன்டர்நேஷனல் டிராக்டர் டீசலை ஜீப்பில் வைத்து விற்றது, உண்மைதான். ஆனால் 1979-ல் பிரான்ஸின் பெஜோ கம்பெனியிடம் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார்களே, ஜீப்புக்கு ஏற்ற டீசல் தேவைப்பட்டதால்தானே?

உங்களுக்கு நான் சொல்வது மகிந்திராவின் கமாண்டர், பொலிரோவில் வந்த 2,523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டீசல் இன்ஜின். அது 3,200 சுற்றில் முழு சக்தி தரும், அதனால் 5.38-ஐ மாற்றாமலேயே 80 கி.மீ. வரை போகலாம், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூட்டையோடு ஏறும். இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், கிளட்ச், ஆல்டர்நேட்டர், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்த முழு செட்டாக எடுங்கள். பழைய மூன்று கியர் பெட்டியோடு அடாப்டர் தட்டு அடித்து இணைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. இன்ஜின் மையமும் கியர்பாக்ஸ் மையமும் கால் மில்லிமீட்டர் விலகினாலே இன்புட் பேரிங் நாள்பட நொறுங்கும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் கண்ணால் பார்த்தே போல்ட் போடுகிற பட்டறைகள் நிறைய.

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் ரேஷியோ உண்மையிலேயே 5.38தானா என்று பாருங்கள், இத்தனை வருடத்தில் யாராவது ஆக்சிலை மாற்றியிருக்கலாம். நியூட்ரலில் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கோடு ஐந்து சுற்றும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவும் வந்தால் 5.38. ஐந்துக்குச் சற்று முன்பே நின்றால் 4.88.

பெட்ரோல் இன்ஜினை இறக்குவதற்கு முன் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். டீசல் கனமானது, ஏற்றியதும் முன்பக்கம் இறங்கும், அப்போது முன் ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை சேர்ப்பது என்பதற்கு அந்த அளவுதான் துணை. ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடிக்கிறதா என்பதையும், ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையில் பாருங்கள். நின்ற வண்டியில் இரண்டு விரல் இடைவெளி தெரியும், பள்ளத்தில் விழும்போது அது இருக்காது. மவுன்டிங் பிராக்கெட்டை சேஸிஸில் வெறும் வெல்டிங்காக விடாமல் உள்ளே தட்டு வைத்து போல்ட்டும் போடச் சொல்லுங்கள், டீசல் உதறலுக்கு வெல்டிங் ஓரத்தில்தான் முதல் விரிசல் விடும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். சிஜே-3பி-யில் 9 அங்குல டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டித் தருகிற பூஸ்டர் கிடையாது. வேறொரு பட்டறையில் டீசல் மாற்றிய வண்டி ஒன்று சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தது. இன்ஜின் வேலை அருமை. மலை இறங்கும்போது டிரம் சூடேறி பெடல் கல்லாக இறுகியும் வண்டி நிற்கவில்லை, ஓட்டியவர் மண் சரிவில் ஒட்டி நிறுத்தித் தப்பித்தார். லைனிங்கைப் பார்த்தபோது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, அந்த மனிதர் கை நடுக்கம் அன்று மாலை வரை நிற்கவில்லை. பெரிய டிரம்மும் பூஸ்டரும் வையுங்கள். டீசலில் பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (உறிஞ்சு விசை) கிடைக்காது, ஆல்டர்நேட்டரோடு வருகிற வேக்கம் பம்ப் இருந்தால்தான் பூஸ்டர் வேலை செய்யும். முழு செட்டாக வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஆர்சி. பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெட்ரோல் டீசலாவது சின்ன மாற்றம் இல்லை. மகிந்திரா ஜீப் டீசலிலும் வந்திருக்கிறது என்ற ஆதாரத்தோடு கேட்டுப் பாருங்கள், எழுத்தில் அனுமதி கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் இருக்கிற இன்ஜினின் சிலிண்டரையே ரீபோர் செய்து (கடைந்து), கார்புரேட்டரைச் சரிபார்த்து ஓட்டுவதுதான் நல்லது. விபத்து நடந்து, இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று இன்சூரன்ஸ் கையை விரித்தால் தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். வாங்குகிற இன்ஜினுக்கும் பில், அது வந்த வண்டியின் காகிதம் இரண்டும் கேளுங்கள்.

கேள்வி: டீசல் மாற்றி மூன்று மாதமாகிறது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை, ஹேண்ட் பம்ப் அடித்தால் உடனே பிடிக்கிறது. எங்கேயும் டீசல் ஒழுகவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் போய்விட்டதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள் அம்மா. இது காற்று. டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பாதை என்பதால், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு அடி நீளம் கண்ணாடி போன்ற டீசல் குழாயை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், குமிழ் ஓடுவது தெரியும். குழாயை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் குமிழ் நின்றுவிடும், அதற்குச் சற்று முன் கடைசியாகத் தாண்டிவந்த இணைப்புதான் குற்றவாளி. பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்திய செம்பு வாஷர், இல்லையென்றால் பெட்ரோல் காலத்து ரப்பர் குழாய். இரண்டும் நூறு, இருநூறு ரூபாய் சமாசாரம்.

கேள்வி: பழைய பெட்ரோல் டேங்கையே டீசலுக்கு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், உடுமலை

பதில்: வைத்துக்கொள்ளலாம், கழற்றி இறக்கி, துருவைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு. பம்ப்புக்கு மசகு டீசல்தான், பெட்ரோல் மிச்சம் கலந்தால் அது குறையும். மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் குழாய்க்கு மேலே ஒரு வாய் வேண்டும், பெட்ரோல் டேங்கில் அது இருக்காது. பெட்ரோல் இருந்த டேங்கில் அப்படியே வெல்டிங் வைக்கவே கூடாது, காலி டேங்க்தான் வெடிக்கும். டேங்கில் எரிபொருள் அளவைக் காட்டுகிற மிதவை யூனிட்டின் மூடியில், அதைத் தனியே கழற்றித் துளை போட்டு, நட் வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.