கிளவுட் பாயின்ட் ஒவ்வொரு முறையும் மாறி வந்தால்

சோப்புப் போல வேலை செய்யும் ட்ரைட்டான் எக்ஸ்-100க்குக் கிளவுட் பாயின்ட் (சூடேறும்போது கரைசல் கலங்கும் வெப்பநிலை) எடுத்தால் ஒருமுறை 61, அடுத்த முறை 67 டிகிரி வருகிறது, சரக்கு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் அளக்கும் விதத்தைச் சரிபாருங்கள்.

சூடேறும்போது கலங்கும் இடத்தைக் குறிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நம்ப முடியாது. சூடு வேகமாக ஏறினால் பீக்கரின் ஓரம் முதலில் கலங்கிவிடும். நடுவிலுள்ள தெர்மாமீட்டர் பின்தங்கியே காட்டும். 1 சதவீதக் கரைசலை நன்றாகக் கலங்கிச் சில டிகிரி தாண்டும்வரை சூடாக்குங்கள். அப்புறம் இறக்கிவைத்து, மெல்லக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள். பால் மாதிரி இருந்தது தெளிந்து, உள்ளே அமிழ்ந்திருக்கும் தெர்மாமீட்டர் குமிழ் பளிச்சென்று தெரியும்போது அளவைப் படியுங்கள். சுமார் 65 வர வேண்டும்.

சரக்கைப் பிப்பெட்டில் எடுக்காதீர்கள், பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எடைபோட்டு எடுங்கள்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். மூலக்கூறில் நீரை விரும்பும் பகுதியான எத்தாக்சிலேட் சங்கிலியோடு ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளைச் சாதாரண உப்பு பறித்துக்கொள்வதால் கிளவுட் பாயின்ட் இறங்கும். 100 டிகிரிக்கு மேல் கலங்கும் ரகங்களை உப்புக் கரைசலில் அளப்பதும் இதனால்தான். ஆகவே வேறு ரகங்களை ஒப்பிடும்போது, விவரத்தாளில் எந்தக் கரைசல் என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண் மாறாமல், ஆனால் தொடர்ந்து குறைவாகவே வந்தால் சரக்கைச் சந்தேகப்படலாம். திறந்து நாளான இந்த வகைச் சரக்கில் காற்றுப்பட்டுப் பெராக்சைடு உருவாகி, சரக்கு கெட்டுப்போகும்.