பெர்செர்க்ங்கற ஜப்பானிய காமிக்ஸ்ல முதல் வால்யூம் படிச்சு ஹீரோவையே பிடிக்கல, விட்டுடலாமா?

விடாதீங்க, இன்னும் ரெண்டு வால்யூம் பல்லக் கடிச்சிட்டு படிங்க. முதல் வால்யூம்ல ஹீரோ கட்ஸ் யாருன்னே சொல்ல மாட்டாங்க, ஒத்தக் கண்ணு, இடது கைக்கு பதிலா பீரங்கி வச்ச இரும்புக் கை, ஆள் உயரத்துக்கு ஒரு கத்தி, கூட வர்ற குட்டித் தேவதைப் பையன் பக் மேலயும் எரிஞ்சு விழறான், இவனுக்கு என்னதான் பிரச்சனைன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அது வேணும்னே அப்படி வச்சது. மூணாவது வால்யூம் கடைசில கதை அவன் பிறப்புக்கே பின்னாடி போகுது, அங்க ஆரம்பிக்கற ஃபிளாஷ்பேக் 14வது வரைக்கும் ஓடும், அதுல வர்ற கூலிப்படைத் தலைவன் கிரிஃபித்தை கவனிச்சு படிங்க, இதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர். அப்புறம் திரும்பி வந்து முதல் வால்யூமை எடுத்தா அதே மூஞ்சியப் பாக்க பாவமா இருக்கும்.

வலதுலேர்ந்து இடதுக்கு படிக்கறீங்கல்ல? வேகமா புரட்டாதீங்க, இதை எழுதி வரைஞ்ச மியுரா கவசத்துல ஒவ்வொரு கோடும் கையால இழைச்சிருப்பார். 1989ல ஆரம்பிச்சு 2021ல அவர் சாகற வரைக்கும் வரைஞ்சார், இப்போ அவர் நண்பர் மோரி மேற்பார்வைல தொடருது.

ஒண்ணு, பாலியல் வன்முறை நிறைய வரும், சின்னப் பசங்க கைல குடுத்துடாதீங்க.