செபென்சா, ஹிண்டரர் எக்ஸ்எம்-18, ஷிரோகொரோவ்: எந்த ஃபிளிப்பர் கத்தியின் ஆக்‌ஷன் சிறந்தது?

இந்த மூன்று மடக்குக் கத்திகளில் எதன் ஆக்‌ஷன், அதாவது பிளேடு திறந்து மூடும் விதம், சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பட்டியலைத் திருத்திவிடுவோம். மூடிய கத்தியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடின் சிறு முனையை விரலால் இழுத்துத் திறப்பதுதான் ஃபிளிப்பர். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா ஃபிளிப்பரே கிடையாது. பிளேடில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் கத்தி அது. அதை ஒரு ஷிரோகொரோவ் பக்கத்தில் வைத்து எது சட்டென்று திறக்கிறது என்று கேட்டால், செபென்சா தோற்கத்தான் செய்யும். செபென்சா ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம், அதன் பெருமை எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் எல்லாரும் ஒரே சோதனையைத்தான் காட்டுவார்கள்: லாக்கை விடுவித்ததும் பிளேடு தானாக விழுந்து மூடுகிறதா? இருப்பதிலேயே அதிகம் ஏமாற்றும் சோதனை இதுதான். ஃபிரேம் லாக் கத்தியில் பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே வெட்டிய நாக்குத்தான் (லாக்பார்) திறந்த பிளேடைப் பூட்டும். அந்த லாக்பாரின் உள்பக்கம் ஒரு சிறு பந்து பதிந்திருக்கும். பெரும்பாலும் 1.6 மி.மீ. விட்டம், எஃகு அல்லது செராமிக். லாக்பாரை லாக் விடும் அளவுக்கு மட்டும் தள்ளினால் அந்தப் பந்து பிளேடின் அடிப்பகுதியில் உரசிக்கொண்டே வரும், பிளேடு தயங்கும். அதே கத்தியில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் பந்து முழுதாக விலகிவிடும், பிளேடு தொப்பென்று விழும். ஆக அங்கே பாதி தெரிவது பிளேடின் எடை, மீதி தெரிவது காட்டுபவரின் கட்டைவிரல்.

திறப்பதில் முதல் வேலை பேரிங்குடையது (பிளேடு சுழல அச்சைச் சுற்றி இருக்கும் பந்து வளையம்) இல்லை, டிடென்டுடையது, அதாவது மூடிய பிளேடைப் பிடித்து வைக்கும் அமைப்புடையது. கத்தி மூடியிருக்கும்போது அந்தப் பந்து பிளேடில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். ஃபிளிப்பரை விரல் இழுக்க இழுக்க அழுத்தம் சேரும், ஒரு கட்டத்தில் பந்து குழியை விட்டுத் தாவும், சேர்ந்த விசை முழுவதும் பிளேடுக்குப் போய்விடும். சொடக்குப் போடும்போது நடுவிரல் வழுக்குமே, அதே கணக்கு. டிடென்ட் பலவீனமாக இருந்தால் விரல் வேகமெடுக்கும் முன்பே பிளேடு நழுவிப் பாதியில் நின்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் பத்து முறை திறப்பதற்குள் விரல்நுனி எரியும்.

இதற்கு எக்ஸ்எம்-18 கத்தியே சாட்சி. அதன் ட்ரை-வே பிவட்டில் (பிளேடு சுழலும் அச்சு) பேரிங், பாஸ்பர் பிரான்ஸ் வாஷர், டெஃப்லான் வாஷர் மூன்றில் எதை வேண்டுமானாலும் போடலாம். மாற்றிப் போட்டால் பிளேடு ஓடும் விதம் மாறும். கிளம்பும் விதம் பெரிதாக மாறாது, ஏனென்றால் பந்தும் குழியும் அப்படியேதான் இருக்கின்றன. இதனால்தான், உள்ளே எது இருக்கிறது என்று சொல்லாமல் ‘எக்ஸ்எம்-18 ஆக்‌ஷன் மோசம்’ என்பவர்கள் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை.

ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய எண்ணெயைத் துடைத்துக் காயவிடுங்கள். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், பக்கத்துக்கு ஒரு சிறு துளி போதும்; கெட்டி கிரீஸ் போட்டால் பேரிங் பந்துகள் சோம்பும். வாஷருக்குக் கிரீஸ் பொருந்தும். பிவட் திருகை, பிளேடு பக்கவாட்டில் ஆடாத நிலை வரும்வரை எட்டில் ஒரு சுற்றாக முடுக்குங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போடுவதானால் நீல நிறம்தான், அதுவும் மரையின் நுனியில் பொட்டளவு. வழிந்து பேரிங்கில் இறங்கினால் மொத்தமும் பாழ்.

பிறகு ஃபிளிப்பரை வேண்டுமென்றே மெதுவாக இழுங்கள். நல்ல டிடென்ட் என்றால் அப்போதும் பிளேடு முழுதாகத் திறந்து லாக் ஆகும். ஆகவில்லை என்றால் விரல்களைப் பாருங்கள். வலது கையில் பிடிக்கும்போது மற்ற விரல்கள் லாக்பாரின் மேல் அழுந்தும், அந்த அழுத்தம் பந்தைக் குழிக்குள் இன்னும் இறுக்கும். ‘டிடென்ட் ரொம்ப ஹார்டு’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். கடைசியாக மூடிய நிலையில் பிளேடைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். லொடலொடத்தால் குழி துளைத்த இடம் தவறு. பந்து குழியின் விளிம்பில் சாய்ந்து பிளேடை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் இது சட்ட விஷயமும்கூட: 1958-இன் ஸ்விட்ச்பிளேடு சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தம், மூடிய நிலையை நோக்கி இழுக்கும் ஸ்பிரிங் அல்லது டிடென்ட் உள்ள கத்திகளுக்கு விலக்குத் தருகிறது.

டைட்டானியம் பிடியில் பேரிங் பந்துகள் நேரடியாக ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள். டைட்டானியம் மென்மையானது. முதலில் வழவழப்பாகத் தோன்றும், நாளாவட்டத்தில் தடம் பதிந்து கரகரக்கும். கடினப்படுத்திய எஃகு வளையம் பதித்திருந்தால் அந்தப் பயம் இல்லை.

இனி உங்கள் கேள்வி. வழுக்கி ஓடும் சுகத்துக்கு ஷிரோகொரோவ், அதிலும் அவர்களுடைய பல வரிசைப் பேரிங் உள்ளவை. மணல், தூசி, பஞ்சு உள்ள இடத்தில் நிஜமாக வேலை செய்வதானால் வாஷர் போட்ட எக்ஸ்எம்-18, ஏனென்றால் பேரிங்கின் இடைவெளிகளில் மண் தங்கும். செபென்சா 21-இன் பெருமை வேறு: பிவட்டைச் சுற்றி ஒரு புஷ்ஷிங் (சிறு உலோகக் குழல்) இருப்பதால் திருகைக் கடைசிவரை முடுக்கினாலும் பிளேடு இறுகாது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே ஓட்டம்தான், எட்டில் ஒரு சுற்றுக் கணக்கெல்லாம் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில நிறுவனங்கள் இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு, தங்களிடம் மட்டுமே கிடைக்கும் விசேஷத் தலை வைத்த பிவட் திருகைப் போட்டு, அதற்கான திருப்புளியைத் தனி விலைக்கு விற்கிறார்களே, இது என்ன நியாயம்? டி8 டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை) போட்டால் எந்தக் கடைத் திருப்புளியும் பொருந்துமே! கத்தியைக் கழற்றினால் வாரன்டி போச்சு என்பவர்கள் இன்னொரு ரகம். அப்புறம் எப்படித்தான் சுத்தம் செய்வதாம்?

டிடென்ட் பிடிக்கவில்லை என்று லாக்பாரை வளைக்க மட்டும் போகாதீர்கள். அதே லாக்பார்தான் திறந்த பிளேடையும் தாங்குகிறது. வளைத்தால் லாக் பிடிக்கும் இடமும் சேர்ந்தே மாறும்.