மண்டபத்துக்கு வெளிய நின்ன கணக்கு டீச்சர்

கேள்வி: எனக்கு வயசு 66, கருங்கல் பக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில கணக்கு ஆசிரியரா இருந்து 2017-ல ரிட்டயர் ஆனேன். மனைவி 2021-ல இறந்துட்டா. நாகர்கோவில்ல 1976-ல இருந்து 79 வரைக்கும் என்கூட பி.எஸ்சி. கணக்கு படிச்சவங்க எல்லாரும் வருஷா வருஷம் அக்டோபர்ல ஒரு மண்டபத்துல கூடுவோம், குடும்பத்தோட வரச் சொல்லுவாங்க. ஒவ்வொருத்தரா மைக் பிடிச்சு வாழ்க்கை எப்படி போகுதுன்னு சொல்லணும். இந்த தடவை ஒருத்தன் ஐரோப்பா டூர் போனதை அரைமணி நேரம் பேசினான், இன்னொருத்தன் ஆஸ்திரேலியால பேரன் நீச்சல்ல மெடல் வாங்கினதை சொன்னான். நான் மகன் கனடாவுல பி.ஆர். (அங்கயே நிரந்தரமா தங்குற அனுமதி) வாங்கினதையும் வீட்டுக்கு மாடி எடுத்ததையும் சொல்லிட்டு இறங்கினேன், ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. சாப்பாடு நல்லா இருந்தது, அடைப்பிரதமன், பால்பாயசம் எல்லாம் உண்டு. மகள்தான் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டு சாயந்திரம் கூட்டிட்டு வந்தா. வர்ற வழியில திங்கள்சந்தையில நிறுத்தி ரெண்டு பழ பஜ்ஜி தின்னா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம், மழையில வேற நனைஞ்சிருந்தா. (அவ பக்கத்து ஸ்கூல்ல கணக்கு டீச்சர். 2012-ல ஸ்ரீதனம் எல்லாம் குறைவில்லாம குடுத்து கெட்டிக் குடுத்தோம், சரிவரல, 2019-ல இருந்து என்கூடதான் இருக்கா.) அன்னையில இருந்து மனசு வெறுமையா இருக்கு. இந்த வயசுல பெருமை பேசவா கூடுறோம்? கூடப்படிச்ச லேடீஸ் ஒருத்தரும் வர்றதில்ல, நம்பரும் கிடைக்கல. இனி போகணுமா வேண்டாமா? பேசாம வீட்டை மகன் பேருக்கு எழுதி வச்சிட்டு ஒதுங்கி இருந்திரலாமான்னு தோணுது.

பதில்:

சார், அந்த ரெண்டு பழ பஜ்ஜியை பத்தி முதல்ல பேசுவோம்.

ஐரோப்பா டூர் போனவரை பத்தி நீங்க எழுதினதை நான் ஒரு தடவைதான் வாசிச்சேன். அந்த மாதிரி ஆளு எல்லா கூட்டத்துலயும் உண்டு, பேசட்டும். திங்கள்சந்தையில நிறுத்தின இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். கருங்கல்ல இருந்து நாகர்கோவிலுக்கு உங்க வயசுள்ள ஒருத்தரை பின்னால உக்கார வச்சு ஸ்கூட்டர் ஓட்டினா ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவும் ஐப்பசி மழையில, குண்டும் குழியுமான ரோட்டுல. உங்களை இறக்கி விட்டுட்டு வீட்டுக்கு போயி மறுபடி வந்து கூட்டிட்டு போகணும்னா அந்த பிள்ளைக்கு நாள் முழுக்க ரோட்டுலயே போயிரும், அதனால அவ போகல, டவுன்லயேதான் எங்கயோ நின்னிருக்கா. எங்க நின்னான்னு உங்களுக்கு தெரியுமா? வடசேரி பஸ் ஸ்டாண்டுலயா, ஏதாவது ஜவுளிக்கடை படியிலயா, இல்ல அந்த மண்டபத்து வாசல்லயே மரத்தடியில வண்டி மேல உக்காந்திருந்தாளா? நீங்க எழுதல, எழுதாததைப் பார்த்தா கேக்கவும் இல்லன்னுதான் எனக்கு படுது.

உள்ள பந்தி நடக்குது. குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, நீங்களே எழுதியிருக்கீங்க. இலை போட்டு பருப்பும் பப்படமும் வச்சு, சாம்பாரு, புளிசேரி எல்லாம் ஊத்தி, பிரதமன் வந்து, மட்டிப்பழமும் பப்படமும் பிசைஞ்சு நீங்க சாப்பிட்டு எழும்பியிருக்கீங்க. பெத்த பிள்ளை அந்த நேரத்துல வெறும் வயித்தோட மழையில நின்னிருக்கா. எத்தனை பேரோட பிள்ளைங்க, மருமக்க, பேரப்பிள்ளைங்க அந்த பந்தியில இருந்தாங்க சார்? அவங்களுக்கெல்லாம் இலை இருந்தது, உங்க மகளுக்கு இல்லாம போச்சா?

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு தெரியும், அவதான் உள்ள வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு சொல்லுவீங்க. இதே பதிலை வேற வேற அப்பாமாருட்ட இருந்து ரொம்ப நாளா கேட்டுட்டு வர்றேன். பிள்ளை தானா அப்படி சொல்லாது சார். ஏதோ ஒரு கல்யாண வீட்டுலயோ, சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு வெளிய நிக்கும்போதோ யாரோ ஒருத்தர் "மாப்பிள்ளை வரலியா"ன்னு கேட்டிருப்பாங்க, நீங்க அதுக்கு பதில் சொல்லாம பேச்சை மாத்தியிருப்பீங்க, இல்ல முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதை அவ பார்த்திருப்பா. அதுக்கப்புறம் அப்பாவுக்கு சங்கடம் வரக்கூடாதேன்னு அவளே வெளிய நிக்க பழகிட்டா. இந்த பழக்கத்தை உண்டாக்கினது நீங்க, மாத்த வேண்டியதும் நீங்கதான். அவ உள்ள வந்தா நல்லா இருக்கும்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உங்க வாயில இருந்து வந்திருக்கா?

இன்னொண்ணும் கேக்கணும். மைக்ல நீங்க பேசினது மகன், கனடா, மாடி, அவ்வளவுதான். அவ பேரு வரல. எனக்கு எழுதின கடிதத்துலயே அவளை அடைப்புக்குறிக்குள்ளதான் போட்டிருக்கீங்க. சார், நீங்க கணக்கு வாத்தியாரு, ரெண்டு பிள்ளை பெத்துட்டு ஒண்ணுன்னு எண்ணிச் சொல்லிட்டு வந்திருக்கீங்க. அன்னைக்கு அந்த மண்டபம் முழுக்க இருந்தது கணக்கு படிச்சவங்க, அதுல முக்காவாசி பேரு உங்கள மாதிரி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவங்களாத்தான் இருப்பாங்க. உங்க வீட்டுல உங்க பாடத்தையே எடுத்துப் படிச்சு உங்க வேலையையே இன்னைக்கும் செய்துட்டு இருக்கிற ஒருத்தி வாசல்ல நிக்கிறா. உங்ககிட்ட படிச்ச ஒரு பையன் கணக்கு டீச்சர் ஆகி வந்து நின்னா தோள்ல கை போட்டு கூட்டிட்டு போயிருக்க மாட்டீங்களா?

உங்க மனசு ஏன் வெறுமையா இருக்குன்னா, அன்னைக்கு நீங்க சொன்னதுல உங்க வாழ்க்கை இல்லாததுனாலதான். மகன் கனடாவுல இருக்கிறது மகனோட வாழ்க்கை, நீங்க அதை வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல பார்க்கிறீங்க. காலையில சாயா போட்டு வைக்கிறது யாரு, பிரஷர் மாத்திரை தீர்றதுக்கு முன்னால வாங்கி வைக்கிறது யாரு, அம்மா போன வீட்டுல ராத்திரி உங்களுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுறது யாரு? அதை சொல்லியிருந்தா யாராவது கேள்வி கேட்டிருப்பாங்க. கனடா பி.ஆர். பத்தி கேக்க என்ன இருக்கு, கையை தட்டிட்டு அடுத்த ஆளை கூப்பிட வேண்டியதுதான். எல்லாருக்கும் தெரிஞ்ச பேச்சையே எல்லாரும் பேசினா யாரும் யாருக்கும் நெருக்கமாக முடியாது. அந்த நீச்சல் மெடல் சொன்னவரு வீட்டுலயும் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கலாம், யாராவது ஒருத்தர் முதல்ல வாயைத் திறந்தா அவரும் சொல்லுவாரு.

"ஸ்ரீதனம் எல்லாம் குறைவில்லாம குடுத்து"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதையும் விடமாட்டேன், ஏன்னா கடைசியில வீட்டை மகன் பேருக்கு எழுதப் போறேன்னு சொல்றீங்க, ரெண்டும் ஒரே எண்ணத்துல இருந்துதான் வருது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இந்த எண்ணத்துக்கு வயசு ஜாஸ்தி. விளவங்கோடு, கல்குளம் எல்லாம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த தாலுகா, அங்க நம்ம கிறிஸ்தவங்களுக்குன்னு 1916-ல ஒரு வாரிசுச் சட்டம் போட்டாங்க, அப்பா உயில் எழுதாம இறந்தா மகளுக்கு மகனோட பங்குல நாலுல ஒண்ணு, இல்ல 5000 ரூபாய், இதுல எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் குடுத்து அனுப்பிட்டா அதுவும் கிடையாது. 1986-ல, கேரளாவுல மேரி ராய்ங்கிற பெண் போட்ட வழக்குல அந்த பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு ஆச்சு. நீங்க அப்போ வேலையில இருந்த ஆளு, பேப்பர்ல வாசிச்சிருப்பீங்க. சட்டம் மாறிச்சு, நம்ம வீட்டு பேச்சு மாறல, பவுனையும் ரப்பர் தோட்டத்தையும் குடுத்து அனுப்பிட்டா பெண்பிள்ளை கணக்கு முடிஞ்சுதுன்னு இன்னைக்கும் நினைக்கிறோம்.

ஒரு விஷயத்தை நல்லா கேட்டுக்கோங்க. அந்த சமபங்கு நீங்க ஒண்ணும் எழுதாம போனாதான். உயிரோட இருக்கும்போதே வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிட்டா, இல்ல உயில்ல அவன் பேரை மட்டும் போட்டுட்டா, நீங்க சம்பாதிச்சு கட்டின வீட்டுல மகளுக்கு ஒரு சட்டமும் துணைக்கு வராது. அண்ணனோ தம்பியோ, அவன் நல்லவனாவே இருக்கட்டும், நாளைக்கு அவன் அந்த வீட்டை விக்கணும்னு சொன்னா இந்த பிள்ளை எங்க போகும்? அந்த கல்யாணத்துல குடுத்த ஸ்ரீதனம் திரும்பி வந்துதான்னும் நீங்க எழுதல. வரலைன்னா அவகிட்ட இன்னைக்கு இருக்கிறது ஒரு பள்ளிக்கூட சம்பளமும் ஒரு ஸ்கூட்டரும்தான், அந்த ஸ்கூட்டர்லதான் உங்களை கொண்டு போயிட்டு இருக்கா.

எனக்கு இதுல சந்தேகமே கிடையாது, வயசான காலத்துல கூட இருந்து பார்க்கிற பிள்ளைக்கு இருக்க ஒரு கூரையை உறுதி பண்ணிட்டு போறது அப்பாவோட கடமை. அது அவளுக்கு காட்டுற இரக்கம் இல்ல, நீங்க பட்ட கடன். மகன் மாடி எடுக்க பணம் அனுப்பியிருந்தா அவனுக்கு மாடியை எழுதுங்க, கீழ்வீட்டை அவளுக்கு எழுதுங்க, சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் போறதுக்கு முன்னால ஒரு நல்ல வக்கீலை பார்த்து பேசுங்க.

அப்புறம் பென்ஷன். தமிழ்நாடு அரசு விதியில, வாழ்க்கைத்துணை இல்லாத நிலையில விவாகரத்தான மகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு, வருமான வரம்பு மாதிரி நிபந்தனைகளும் உண்டு. ஆனா அதுக்கு கோர்ட் தீர்ப்பு கையில இருக்கணும். "சரிவரல"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டீங்க, கேஸ் போட்டாச்சா, முடிஞ்சாச்சா, இல்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு அப்படியே கிடப்புல கிடக்கா? 2001-க்கு முன்னால கிறிஸ்தவ பெண்ணுக்கு விவாகரத்து வாங்குறது பெரிய பாடு, கொடுமைப்படுத்தினான்னு மட்டும் சொன்னா போதாது, அதோட அவனுக்கு வேற தொடுப்பு இருக்குன்னும் நிரூபிக்கணும். அந்த வருஷம் சட்டத்தை திருத்தினதுல இருந்து கொடுமைன்னு மட்டும் சொல்லியும் போகலாம், ரெண்டு பேரும் சம்மதிச்சும் பிரியலாம். அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்ட கேளுங்க. முடிவு அவளுது, கூட கோர்ட்டுக்கு நடக்க வேண்டியது நீங்க. இத்தனை வருஷம் அவ உங்களை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கா இல்லியா.

கூடப்படிச்ச பெண்கள் நம்பர் கிடைக்கலன்னு ஒரு வரி இருக்கு. எப்படி சார் கிடைக்கும்? 79-ல படிச்சு முடிச்ச பிள்ளைகளை கெட்டிக் குடுத்து வேற ஊரு, வேற இனிஷியல் ஆயாச்சு. அவங்க அண்ணன் தம்பி வீடு இன்னும் அதே ஊர்லதான் இருக்கும், போயி கேட்டா சொல்லுவாங்க. இத்தனை வருஷம் யாரும் கேக்கல. அந்த காலத்துல நம்ம ஊர்ல பி.எஸ்சி. கணக்கு சேர்ந்து பாஸான பெண்பிள்ளைன்னா சாதாரணமா? மதுரைப் பல்கலைக்கழகம்னு சேர்ந்து, பாதியில பேரு மாறி, மதுரை காமராஜர் பல்கலைக்கழகம்னு பட்டம் வாங்கின செட்டு நீங்க எல்லாரும், அந்த பட்டத்தை வச்சு அவங்க என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கெல்லாம் ஆசையே இல்லியா? ஐரோப்பா டூரை விட அதுல கேக்க எவ்வளவோ இருக்கும்.

போகணுமா வேண்டாமான்னு கேட்டீங்க. போகணும், கண்டிப்பா போகணும், ஆனா தனியா போகக்கூடாது. அதுக்கு முன்னால இந்த வாரமே ராத்திரி சாப்பாடு நேரத்துல மகள்கிட்ட நேரா சொல்லுங்க, "அன்னைக்கு உன்னை வெளிய நிறுத்திட்டு நான் உள்ள சாப்பிட்டது தப்பு"ன்னு. சுத்தி வளைக்காதீங்க, மழை, கூட்டம்னு காரணம் சொல்லாதீங்க. அவ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னுதான் சொல்லுவா, அதை அப்படியே நம்பிட்டு எழும்பிப் போயிராதீங்க, ஒரு தடவை சாரின்னு சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அடுத்த அக்டோபருக்கு வான்னு கூப்பிடுங்க. முதல் தடவை மாட்டேன்னு சொன்னா மறுபடி கூப்பிடுங்க, அவ மனசு வைக்க நேரம் எடுக்கட்டும், ஒரு வருஷம் இருக்கு. அவ வந்தா மைக்ல முதல்ல அவளைப் பத்தி சொல்லுங்க, "இது எனக்க மவளாக்கும், கணக்கு டீச்சர், நான் இவகூடதான் இருக்கேன்"னு. "அவ என்கூட இருக்கா"ன்னு சொல்லாதீங்க, நிலைமை அது இல்ல. யாராவது மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா சரிவரல, பிரிஞ்சாச்சுன்னு சத்தமா சொல்லிட்டு மேல பேசுங்க. அப்பா தலைநிமிர்ந்து சொன்னா கேக்கிறவன் வாயடைச்சு நிப்பான்.

வீடு விஷயம் மட்டும் அக்டோபர் வரைக்கும் நிக்க வேண்டாம். மகனை ஞாயிற்றுக்கிழமை போன்ல கூப்பிடும்போது மகளையும் பக்கத்துல உக்கார வச்சிட்டு, கீழ்வீடு அவளுக்குன்னு அவ காதுல விழ அவன்கிட்ட சொல்லுங்க. அவன் ஏதாவது முறுமுறுத்தா எனக்கு எழுதுங்க, அவனுக்கும் ஒரு பதில் எழுதித் தர்றேன்.