சம்பளப் பட்டியலில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பீன்யாவில் ஒரு குடும்பக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பெங்களூருக்கு வந்து 19 வருடம் ஆகிறது. கன்னடம் நன்றாகப் பேசுவேன், படிக்கத் தெரியாது. அதனால் கன்னட நாவல்களைத் தமிழில்தான் படிக்கிறேன். சமீபத்தில் படித்த மூன்றைப் பற்றி எழுதுகிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்துதான். நான் விமர்சகன் இல்லை, தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. ஒரே மூச்சில் முடித்தேன். ஆனால் கதை சொல்கிறவன் மேல் எனக்கு ரொம்பக் கோபம். சித்தப்பாவின் மசாலா கம்பெனியில் பெயருக்கு டைரக்டர். வேலை கிடையாது, சம்பளம் மட்டும் வருகிறது. எங்கள் கம்பெனியிலும் அப்படி ஒருவர் உண்டு. மாதாமாதம் அவர் பெயரில் சம்பளம் எழுதுவது நான்தான். ஆளை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கதையில் வீட்டு வாசலுக்கு வந்த பெண்ணை அம்மாவும் கூடப் பிறந்தவளும் அவ்வளவு கேவலமாகப் பேசும்போது இவன் ஏன் வாய் திறக்கவில்லை? எழுத்தாளராவது அவனை ஒரு வார்த்தை கண்டித்திருக்கலாம்.

அடுத்தது அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா'. பிணத்தை வைத்துக்கொண்டு அக்ரகாரமே பேசிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் அலுப்பாகிவிட்டது. அந்த அக்ரகாரத்துப் பண்டிதர் பிராணேசாசாரியார் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னாரா இல்லையா என்பதையும் சொல்லாமல் முடித்துவிட்டார்.

மூன்றாவது பைரப்பாவின் 'பருவம்'. 150 பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்து பழசையே நினைக்கிறார்கள்.

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், பெங்களூரு

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். காரணம் புரிகிறது.

மன்னிப்புக் கேட்கும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் முடித்தேன், அலுப்பாகிவிட்டது என்றெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'சம்பளம் எழுதுவது நான்தான்' என்பதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். காச்சர் கோச்சரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பணம் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்று பேசியிருக்கிறார்கள். எறும்புகளைப் பற்றியும் காபி ஹவுஸ் சர்வர் வின்சென்ட்டைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். வேலையே செய்யாத அந்த டைரக்டருக்கு யாரோ ஒருவர் மாதாமாதம் உட்கார்ந்து சம்பளக் கணக்கு எழுதியிருப்பாரே என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் தோன்றியதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை சோனா மசாலாவின் ஆபீஸ் பக்கமே என் கண் போய்க்கொண்டிருந்தது. கதை சொல்கிறவன் அங்கே தனக்கென்று ஒரு அறை வைத்திருக்கிறான். அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் பெயரில் சம்பளம் எழுதுவது நான்தான் என்கிறீர்கள். அடுத்த மூச்சில், இவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த வேலையில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு அலுவலகத்தில் 22 வருடம் இருந்தேன். தெரிந்தும் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் எனக்கும் உண்டு. அந்த நாவல் என்னைத் தூங்கவிடாமல் செய்ததற்கு அதுதான் காரணம். அவன் யாரையும் அடிக்கவில்லை, யாரிடமும் கத்தவில்லை. வாசலில் அந்தப் பெண் பருப்புக் குழம்போடு நிற்கிறாள், இவன் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான். அவன் மனைவி அனிதா ஒருத்திதான் எதிர்த்துக் கேட்கிறாள். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அவன் இந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஷான்பாக் இடையில் புகுந்து அவனைக் கண்டித்திருந்தால் நாம் பாட்டுக்கு நிம்மதியாகப் புத்தகத்தை மூடி வைத்திருப்போம். உங்களுக்கு வந்த கோபம் எங்கேயும் போகாமல் உங்களிடமே நிற்கிறது, எனக்குக் கடிதமாகவும் வந்துவிட்டது. அதைக் குறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சம்ஸ்காரா விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அனந்தமூர்த்தி இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் எழுதியது, 1965-இல் வந்தது. நாரணப்பா செத்துப்போகிறான். கறி தின்றவன், குடித்தவன், சந்திரி என்ற பெண்ணோடு வாழ்ந்தவன். அவனுக்கு யார் ஈமக்கடன் செய்வது என்பது கேள்வி. பிணம் எரிகிற வரை அக்ரகாரத்தில் யாரும் சாப்பிட முடியாது. எல்லோரும் பிராணேசாசாரியாரின் வாயைப் பார்க்கிறார்கள், அவர் ஏடுகளைப் புரட்டுகிறார். பிணத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறீர்கள். பிணம் அங்கே இல்லை, நண்பரே. சந்திரி ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் அகமது பாரியைக் கூட்டிவந்து எரித்துவிட்டாள். மீன் வியாபாரி, முஸ்லிம். எரித்துவிட்டு அவள் பாட்டுக்குக் குந்தாபுரம் போய்விடுகிறாள். சில பக்கங்கள்தான் வரும். அதற்குப் பிறகும் அந்த ஊர் பட்டினி கிடக்கிறது. பிணம் வீட்டுக்குள்ளேயே அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்து அக்ரகாரத்துக்கும் மடத்துக்கும் யோசனை கேட்டு அலைகிறது. எலிகள் செத்து விழுகின்றன, கொள்ளைநோய் என்று புரியவில்லை. தீர்ந்துபோன ஒரு விஷயத்துக்காகத்தான் இத்தனை பேச்சும். அது ஊருக்குத் தெரியாது, படிக்கிற நமக்குத் தெரியும். நானும் முதல் முறை அந்தப் பக்கங்களைத் தாண்டி ஓடினவன்தான். ஆசாரியாருக்கு என்ன ஆகும் என்ற அவசரத்தில் சந்திரியைக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தபோது பாதி நாவல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஆசாரியார் திரும்பிப் போய் என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியவில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தில் அவருக்கே தெரியாது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது.

பருவத்தைப் பாதியில் நிறுத்தியதற்காக வருத்தப்பட வேண்டாம். கனமான புத்தகம்தான். தெய்வச் செயலோ அற்புதமோ இல்லாமல், வயதாகிக்கொண்டிருக்கும் மனிதர்களின் கதையாகப் பாரதத்தைச் சொல்வதால் நினைவுதான் அதில் பெரும்பகுதி. அடுத்த முறை வரிசையாகப் போகாமல் குந்தியின் பகுதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

அப்புறம், கன்னடம் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் அப்படியே விடப்போவதில்லை. பருவத்தைத் தமிழாக்கிய பாவண்ணன் விழுப்புரம் பக்கத்து வளவனூர்க்காரர். தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்த பிறகுதான் கன்னடம் கற்றுக்கொண்டார். அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. நீங்கள் பேசவே தெரிந்தவர். மீதி இருப்பது எழுத்து மட்டும். நான் பஸ் பலகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சிவாஜிநகர், மெஜஸ்டிக், யஷ்வந்தபுரம் என்று எங்கே போகிற பஸ் என்பது முன்பே தெரியும், அதனால் எழுத்து தானாகப் பிடிபட்டது. க-வுக்கு நாலு எழுத்து என்பதுதான் நமக்கு முதலில் இடிக்கும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். பால் ஹாலு ஆவதும், பத்து ஹத்து ஆவதும், புலி ஹுலி ஆவதும் காதுக்குப் பழகியதுதானே? அதையே கண்ணால் பார்க்கும்போது வேறு ஒரு சந்தோஷம்.

முதலில் எதைப் படிப்பது என்று கேட்பீர்கள். காச்சர் கோச்சரையே எடுங்கள். கன்னடத்தில் 2013-இல் வந்தது, மெல்லிய புத்தகம். கதை ஏற்கெனவே தெரியும். கே. நல்லதம்பியின் தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். எந்த அகராதியிலும் இல்லாத சொல் அது. அனிதாவின் பிறந்த வீட்டில் பிறந்தது. சிக்கு விழுந்துபோன எதற்கும் அவர்கள் வைத்த பெயர். கன்னடக்காரர்களும் அவளிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

என்னிடம் கன்னடப் பிரதி இருக்கிறது. நிறையப் பென்சில் கோடு போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்ச் சங்கத்தில்தான் இருப்பேன். வருவதற்கு முந்தின நாள் ஒரு வரி எழுதிவிடுங்கள், எடுத்து வருகிறேன்.